பீலிக்குள் மாமாவின் பங்கு

மழை பிடித்துக்கொண்டால் நம் வயதுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்ப்போம். ஒருவர் முழங்காலைப் பார்ப்பார். ஒருவர் கொடியில் கிடக்கும் வேட்டியைப் பார்ப்பார். நான் அண்ணாந்து கூரை விளிம்பைப் பார்ப்பேன். இப்போது நான் இருப்பது திருவானைக்கோவில் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நடுமாடியில். என் தலைக்கு மேல் இருப்பது கூரையே இல்லை, மேல்வீட்டுக்காரரின் தரை. இருந்தாலும் பார்ப்பேன். பார்த்துவிட்டு, யாராவது கவனித்தால் கழுத்துச் சுளுக்கு என்று தடவிக்கொள்வேன்.

இந்தப் பழக்கம் ஸ்ரீரங்கத்தில் ஓர் ஐப்பசியில் தொற்றியது. என் தொப்பையும் அதே ஐப்பசியில்தான் ஆரம்பித்தது. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லைக்குக் குரல் போய்ச் சேருவதற்குள் கூப்பிட்ட காரியம் மறந்துவிடும். நடுவில் முற்றம். நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு முற்றத்தைப் பார்த்து இறங்கும். சரிவின் விளிம்பில் ஓடும் நீளத் தகரத்துக்குப் பெயர் பீலி. ஓட்டில் விழுகிற மழையை வாங்கி, மூலைக்குக் கொண்டுபோய், மீன் வாய் மாதிரி வெட்டிய தகர வாயால் கீழே வைத்திருக்கும் பித்தளை அண்டாவில் கொட்டும். பீலி ஒழுங்காக ஓடினால் வீட்டுக்குள் மழை ஒரு சத்தம் மட்டும்தான். ஓடாவிட்டால் மழை உள்ளே வந்து குடியிருக்கும்.

மூன்று பக்கம் தாழ்வாரம் இருந்ததால் அங்கே பீலி வழிந்தாலும் பாதகமில்லை. நாலாவது பக்கத்தில் ஓர் அறை. அதன் சுவரோடு ஒட்டிப் பீலி போகும். கூரை அங்கே மிகத் தாழ்வு. தாழ்வு என்றாலும் எங்கள் வீட்டில் யாருக்கும் எட்டாது. அப்பாவின் உயரத்தைப் பற்றி நான் பேசக் கூடாது, ஏனென்றால் அதே உயரத்தில் நானும் நின்றுவிட்டேன். பஸ்ஸில் மேலே இருக்கும் கம்பியைப் பிடிக்க இன்றும் எனக்குக் குதிகால் உதவி வேண்டும்.

அந்த வருஷம் அம்மா பிரசவத்துக்குக் கும்பகோணம் போயிருந்தாள். வீட்டில் அப்பாவும் நானும். அப்பா காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆபீசுக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். ஸ்கூல் விட்டு வந்து நான் பேசுவதற்கு இருந்தது அந்த அண்டாதான். உள்ளே தலையை விட்டு, "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்பேன். அதுவும், "எப்ப வருவாங்க?" என்றே கேட்கும். இரண்டு பேருக்கும் தெரியவில்லை என்பதில் ஓர் ஆறுதல் இருந்தது.

அப்புறம் சமையலுக்கு அத்தை வந்தார்கள். அப்பாவின் அக்கா. மாமா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குழந்தை இல்லை. அதுவரை உறையூரில் பெரியப்பா வீட்டில் இருந்தார்கள். பெரியப்பாதான் கொண்டுவந்து விட்டார். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஈயம் பூசிய அகலமான பித்தளைத் தட்டு ஒன்று. அவ்வளவுதான் சாமான்.

அத்தை உள்ளே போனதும் பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால்தான் நாங்கள் கூர்ந்து கேட்போம் என்பது அவருக்குத் தெரியாது.

"அக்காவைக் குத்தம் சொல்லலைப்பா. ஆனா வடிக்கிற சாதம் எங்க போகுதுன்னே தெரியலை. உங்க அண்ணி சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போயிட்டா. உன் பொண்டாட்டி வர்ற வரைக்கும் பாத்துக்க. அப்புறம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"இங்கயே இருக்கட்டுமேண்ணே," என்றார் அப்பா, பாதி மனதாக.

"ரெண்டு பொம்பளைங்க ஒரு அடுப்புலயா? முதல்ல உன் பொண்டாட்டி வரட்டும், அவளைக் கேளு."

அத்தை நல்ல உயரம். எங்கள் வம்சத்தின் உயரம் மொத்தமும் அவர்களிடமே தங்கிவிட்டது. உத்தரத்தில் ஒட்டடை அடிக்க அவர்களுக்குக் கம்பே வேண்டாம். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார்கள். எனக்கு எது பிடிக்கும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லையாதலால், யோசிக்காமல், "எல்லாம்," என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அந்தப் பதிலை மாற்றவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை. பீலி அடைத்துக்கொண்டது. தண்ணீர் மீன் வாய்க்குப் போகாமல் பின்பக்கமாக வழிந்து, ஓட்டுக்கு அடியில் புகுந்து, அந்த அறைச் சுவரில் இறங்கியது. முதலில் ஒரு கைக்குட்டை அளவு ஈரம். பிறகு துண்டு அளவு. பிறகு இந்தியா படம் மாதிரி ஆகி, தெற்கே இலங்கையும் தோன்றியது. சுண்ணாம்பு உப்பிப் பொலபொலவென்று உதிரும். நான் விரலால் தட்டித் தட்டி உதிர்த்து, வேறு சில நாடுகளையும் உண்டாக்கினேன். அறைக்குள் நனைந்த கோணிச் சாக்கு வாசனை.

அது அம்மாவுக்கும் பிறந்திருந்த பாப்பாவுக்கும் என்று ஒழித்து வைத்த அறை. வீட்டில் கதவு சாத்தும் அறை வேறு கிடையாது. கும்பகோணத்துத் தாத்தா ஒரு நாள் வந்து பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். கையை முகர்ந்தார்.

"மாப்பிள்ளை, பச்சைப் புள்ளைய இந்த ஈரத்துல படுக்க வெக்க முடியாது. சுவரு காயட்டும். அப்புறம் அனுப்பி வைக்கிறோம்."

"ஒரு வாரத்துல சரி பண்ணிடுறேங்க," என்றார் அப்பா.

அப்பா பழுது பார்க்கும் முறை இதுதான்: சாய்வு நாற்காலியை முற்றத்து ஓரம் இழுத்துப் போட்டு, பீலியைக் கீழே இருந்து பார்ப்பார். தகரத்தின் அடிப்பக்கம் மட்டும் தெரியும். பிறகு ஒட்டடைக் கம்பை எடுத்து மேலே விட்டுக் கிளறுவார். வேப்பிலை கொத்தாக அவர் முகத்திலேயே விழும். பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் ஒரு கிளை எங்கள் ஓட்டுக்கு மேல் நீண்டிருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான்.

பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன வாத்தியார். நெற்றியில் திருமண் கலைந்து நான் பார்த்ததில்லை. அப்பா போய்ச் சொன்னதும் அவர் மரத்தைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார்.

"உங்காத்துப் பீலி அடைச்சுண்டா எங்காத்து மரம் என்ன பண்ணும்? இலை உதிர்றது அதோட சுபாவம். பெருமாள் படைச்சது."

"பெருமாள் படைச்சது உங்க கொல்லையில இருக்கட்டுங்க. எங்க ஓட்டு மேல எதுக்கு?"

"அதை அதுகிட்டயே கேளுங்கோ. நானா நீட்டினேன்?"

இந்தப் பேச்சு நாள்தோறும் நடந்தது. மழையும் நாள்தோறும் நடந்தது. இரவுச் சாப்பாட்டில் அப்பா மரத்தைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவார். அத்தை ரசம் ஊற்றிக்கொண்டே, "சுவரு காயாட்டி அவ எப்ப வருவா பாவம்," என்பார்கள். நான் தட்டைப் பார்ப்பேன். சுவர் காய்ந்தால் அம்மா வருவாள். அம்மா வந்தால் அத்தை போய்விடுவார்கள். அந்த வயதில் எனக்குக் கணக்கு வராது என்று ஸ்கூலில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இந்தக் கணக்கு மட்டும் வந்தது.

ஒரு நாள் ஸ்கூலுக்கு மழை லீவு. மற்ற நாளில் நான் மத்தியானம் சாப்பிட வரும்போது அத்தை எல்லாவற்றையும் முடித்து எனக்காகக் காத்திருப்பார்கள். அன்றுதான் அதற்கு முன்னால் நடப்பதைப் பார்த்தேன்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. அத்தை அந்தப் பித்தளைத் தட்டை எடுத்தார்கள். காக்காய்க்கு நம் வீடுகளில் ஒரு கவளம் வைப்போம் இல்லையா? அத்தை ஓர் ஆம்பிளைச் சாப்பாடு போட்டார்கள். சாதம், நெய், சாம்பார், ஓரத்தில் கத்தரிக்காய்க் கறி. தட்டோடு முற்றத்தில் இறங்கித் துவைக்கிற கல்லின் மேல் ஏறி, அந்த அறைப் பக்கத்து ஓட்டு விளிம்பில் அத்தனையையும் கையால் எடுத்து வைத்தார்கள். வைத்துவிட்டு மெதுவாகக் கூப்பிட்டார்கள்.

"வாங்க... சாப்பிட வாங்க."

காக்காயை எல்லாரும் கா கா என்றுதான் கூப்பிடுவோம். வாங்க என்று மரியாதை கொடுத்துக் கூப்பிட்ட ஒரே ஆளை நான் அன்று பார்த்தேன்.

காக்காய் வந்தது. நாலு கொத்துக் கொத்திவிட்டுப் போயிற்று. அத்தை உள்ளே போய் ரசம் சாதம் பிசைந்து வந்தார்கள். மறுபடி கல். மறுபடி, "வாங்க." அப்புறம் தயிர் சாதம், ஊறுகாயோடு. கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும்தான் பாக்கி. அதை மழை பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு, சமையலறை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மோர் விட்டுத் தானும் ஏதோ சாப்பிட்டார்கள்.

அத்தை கொல்லைக்குப் போனதும் நான் அண்டாவைத் துவைக்கிற கல்மேல் கவிழ்த்து, அதன்மேல் ஏறினேன். அப்போது நான் ஒல்லி. சிரிக்காதீர்கள், ஒல்லிதான். ஓட்டைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். பீலியில் மேலாக வேப்பிலை. அதைக் கையால் தள்ளினால் அடியில் வெள்ளையாக, ஊறி, கஞ்சியாகி, இறுகி, விளிம்பு வரைக்கும் சாதம். சரிவில் வைத்த சாதம் சறுக்கிச் சறுக்கி இறங்கி, அத்தை வந்த நாளிலிருந்து அங்கே சேர்ந்திருந்தது. புளித்த வாசனை மூக்கில் ஏறியதில் நான் தும்ம, கால் நழுவ, பிடித்திருந்த ஓடு என்னோடு வந்துவிட்டது. அண்டா உருண்ட சத்தம் ரெங்கநாதர் கோபுரம் வரை கேட்டிருக்கும்.

அத்தை ஓடி வந்தார்கள். எனக்கு முழங்கை சிராய்ப்பு. பயத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன். எனக்கு அந்த வியாதி அப்போதே உண்டு.

"அத்தை, மாமா எல்லாத்தையும் மிச்சம் வெச்சிருக்காரு."

அடி விழும் என்று நான் கன்னத்தைத் தயார் செய்தேன். அத்தை கல்மேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

"தயிர் சாதத்தைத் தொடவே இல்லை," என்றேன், உதவி செய்வதாக நினைத்து.

"அவருக்குத் தயிர் பிடிக்காதுடா. நான்தான் உடம்புக்கு நல்லதுன்னு வெப்பேன்." கல்லிலேயே உட்கார்ந்தார்கள். "ஒரு கவளம் வெச்சாப் போதும்னு எல்லாரும் சொன்னாங்க. அவரு ரெண்டு தரம் போட்டுச் சாப்பிடுற ஆளு. எப்படி ஒரு கவளம் வெக்கிறது?"

பெரியப்பா வீட்டில் சாதம் போன இடம் எனக்குப் புரிந்தது. அங்கே மொட்டை மாடி. வெயிலும் காற்றும் சாட்சியில்லாமல் செய்துவிடும். எங்கள் வீட்டுப் பீலிதான் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தது.

"அப்ப சுவரு நனையறது இதனாலயா?" என்று அத்தை தனக்குத்தானே கேட்டார்கள்.

"அப்பா மரம்னுதான் நினைக்கிறாரு. நான் சொல்லமாட்டேன் அத்தை. அப்படியே விட்டுடலாம். சுவரு காயலைன்னா நீங்க போக வேணாம்."

நான் அவ்வளவு பெரிய யோசனையை அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை. அத்தை என் முழங்கையைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்கள்.

"பெத்தவளைப் பாக்காம நீ அண்டாக்குள்ள பேசிட்டிருக்கே. எனக்குக் கேக்காதுன்னு நினைச்சியா?" என்றார்கள். "எடுத்துப் போட்டுடலாம். உங்கம்மா வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் ஒரு வழியாக மனம் இரங்கினார். ஆள் வந்து வேப்பங்கிளையை வெட்டினான். அப்பா வாத்தியார் வீட்டுக் கொல்லையில் நின்று, வெட்டுபவனுக்குக் கழுத்து வலிக்க வலிக்க யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் முற்றத்தில் அத்தை கல்மேல் நின்று என்னை ஓட்டின்மேல் தூக்கிவிட்டார்கள். நான் சிரட்டையால் சுரண்டிச் சுரண்டி வாளியில் போட்டேன். அத்தை கீழிருந்து வாங்கி வாங்கிக் கொல்லையில் வாழைக்கு அடியில் கொட்டினார்கள். கடைசி வாளியை வாங்கும்போது, "போதும் போங்க," என்று ஏதோ முணுமுணுத்தார்கள். என்னிடம் இல்லை. என்னை அவர்கள் போங்க என்று சொல்லமாட்டார்கள்.

சாயங்காலம் மழை வந்தது. மீன் வாய் அத்தனை நாள் அடக்கி வைத்ததை ஒரேயடியாகக் கக்கியது. அண்டா நிறைந்தது. சுவரில் ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்பா சாய்வு நாற்காலியில் சாய்ந்து, "பாத்தியா, கிளையை வெட்டினதும் நின்னுடுச்சு," என்றார். கடைசி வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். வீடு கட்டும் உறவுக்காரர்களுக்கெல்லாம் மரம் பக்கத்தில் இல்லாத மனையாகப் பார் என்று புத்தி சொன்னார். வேம்பு ஒற்றைக் கையோடு கொஞ்சக் காலம் நின்றது. அதன்மேல் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. பேச முடிந்திருந்தால் அது எங்கள் எல்லாருடைய மானத்தையும் வாங்கியிருக்கும்.

மறுநாள் மத்தியானம் அத்தை பழக்கத்தில் பித்தளைத் தட்டில் சாதம் போட்டுவிட்டார்கள். போட்டுவிட்டு எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் முற்றத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றார்கள். நான் ஏற்கெனவே என் தட்டை முடித்திருந்தேன்.

"நான் சாப்பிடட்டுமா அத்தை? மாமா பங்கை."

"ரெண்டு ஆள் சாப்பாடுடா. முடியுமா?"

"தயிர் மட்டும் வேணாம்."

அத்தை சிரித்தார்கள். வந்ததிலிருந்து அன்றுதான். எனக்கு எதிரே உட்கார்ந்து, சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத் தானும் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து மத்தியானம் எனக்கு இரண்டு சாப்பாடு. என்னுடையது என் தட்டில், மாமாவுடையது அவர் தட்டில். ஸ்கூலில் சாயங்கால வகுப்பு முழுக்கத் தூங்கி வழிந்தேன். சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன. காக்காய்க்கு ஒரு கவளம் மட்டும், அதுவும் துவைக்கிற கல்மேல். அது ஓட்டு விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்து ஒரு வாரம் திட்டியது. பிறகு அதுவும் பழகிக்கொண்டது.

மார்கழி வெயிலில் சுவர் காய்ந்தது. சுண்ணாம்பு அடித்தார்கள். இந்தியாவும் இலங்கையும் வெள்ளையில் மறைந்தன. அம்மா பாப்பாவோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியாமல் அப்பாவைப் பார்த்தாள். "என்னங்க, இவனுக்கு வீக்கமா?" என்றாள். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று வேறு சொன்னாள்.

அத்தை இங்கேயே இருக்கலாமா என்று அம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள் என்று அம்மாவே பிற்காலத்தில் என்னிடம் சொன்னாள். அப்பா, அம்மாவே சொல்லட்டும் என்று இருந்தார். அம்மா, அப்பாவே ஆரம்பிக்கட்டும் என்று இருந்தாள். அத்தை, இருவரும் பேசாததையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா வந்தார். தகரப் பெட்டி, பாய். அவ்வளவுதான்.

"தட்டை விட்டுட்டீங்க அத்தை," என்று ஓடினேன்.

"நீ வெச்சுக்க. அதுல சாப்பிடு."

"மாமாவுக்கு?"

அத்தை குனிந்தார்கள். அவர்கள் உயரத்துக்கு ரொம்பவே குனிய வேண்டியிருந்தது. என் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார்கள், தாத்தா சுவரில் வைத்த மாதிரி.

"இந்த வருஷம் அவரு நல்லாச் சாப்பிட்டாரு," என்றார்கள். "போயிட்டு வரேன்."

அன்று மத்தியானம் வீட்டில் பாப்பா அழும் சத்தம், அம்மா தாலாட்டும் சத்தம், வந்து போகிறவர்கள் சத்தம். நான் போய் அண்டாவுக்குள் தலையை விட்டேன். கேட்க எதுவும் தோன்றவில்லை. சும்மா மூச்சு விட்டேன். அது திரும்ப மூச்சு விட்டது.

தட்டை அம்மா அடுத்த வருஷம் பழைய பாத்திரக்காரனிடம் போட்டு நீலப் பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்கினாள். அண்டாவும் ஒரு கல்யாணச் செலவில் போனது. வீட்டையே பிறகு இடித்துக் கட்டிவிட்டார்கள். பீலி இருந்த இடத்தில் இப்போது ஒரு ஏசி மெஷின் சொட்டுகிறது. அத்தையைப் பற்றிச் சில சமயம் ஒரு குறும்பான சந்தேகம் வரும்: சுவர் காயாமல் இருக்கட்டும் என்றே சாதம் வைத்திருப்பார்களோ? உடனே விட்டுவிடுவேன். அந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் அவர்களுக்கு ஒரு தகரப் பெட்டிக்கு மேல் சாமான் இருந்திருக்கும்.

என் மனைவி போய் இது இரண்டாவது மழைக்காலம். நானே பொங்குகிறேன். காய் நறுக்கக் கற்றுக்கொண்டேன், ரசத்துக்குப் புளி பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒருத்தருக்கு மட்டும் அரிசி போட மட்டும் கை பழகவில்லை. மத்தியானம் மேஜையில் இரண்டு தட்டு வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான் தெரிகிறது. மொட்டை மாடிக்கு எடுத்துப் போகலாம், காக்காய்கள் இங்கேயும் உண்டு. ஆனால் அங்கிருந்து தண்ணீர் இறங்கும் குழாய் மேல்வீட்டுச் சுவரை ஒட்டித்தான் வருகிறது. அந்த வீட்டில் இப்போது ஒரு கைக்குழந்தை.

போன வாரம் டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பேரன் வயதுப் பையன்.

"சார், இந்த வயசுல ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுறீங்க போலிருக்கே. மிஞ்சினா கொட்டிட வேண்டியதுதானே?"

"பீலி அடைச்சுக்கும் டாக்டர்," என்றேன்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு மெதுவாக, காதையும் ஒரு தரம் காட்டிவிடுங்கள் என்றார்.